பக்திப் பாடல்கள் எண்டு எழுதின கசெட்

இவற்ற சட்டையைத் தோய்க்கப் போட முதல் ஒருக்கா மணந்து பாக்கிற பழக்கம் எனக்கு இருந்தது. ஒளிக்க என்ன கிடக்கு, ஒத்துக்கொள்ளுறன். அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. சிட்னியில, டூங்கபியில எங்கட முதல் வாடகை வீடு. குசினிக்குப் பின்னால உடுப்புத் தோய்க்கிற சின்ன அறை. முதல் நாள் இவர் போட்ட நீலச் சட்டையை எடுத்து மூக்கில வைச்சன். சென்ட் மணமில்லை. சிகரெட் மணமுமில்லை. ஈயம் உருகேக்க வாற புகை மணம்.

அந்த மணம் எனக்குத் தெரியாததே? கிழமையில அஞ்சு நாள் அதுக்குள்ளதான் என்ர சீவியம். நான் அப்ப ரேடியோ சாமான் செய்யிற ஒரு ஃபக்டரியில வேலை. பச்சைப் பலகையில சின்னச் சின்னச் சாமான்களை வைச்சு ஈயத்தால ஒட்டுறது முதல் வருசம். ரெண்டாம் வருசம், மற்றவை ஒட்டினதை உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழ வைச்சுப் பிழை பிடிக்கிற மேசைக்கு என்னை மாத்திப்போட்டினம். பிழை பிடிக்கிறதுக்கு என்னை விட வேற ஆள் வேணுமே?

இவர் கந்தோரில பாலங்களுக்குப் படம் கீறுறவர். பென்சில் மணக்கலாம், அழிறப்பர் மணக்கலாம். ஈயம் ஏன் மணக்குது? எங்கட ஃபக்டரியில சனிக்கிழமையில ஓவர்டைம் நடக்கும். நான் போறேல்லை, பிள்ளை சின்னன். ஆனா எனக்குப் பக்கத்து மேசையில இருக்கிற றோசா எண்ட வடிவான பெட்டை ஒரு சனியும் தவறாமல் வருவாள். இவரும் ஒரு சனியும் தவறாமல் மத்தியானச் சாப்பாட்டோட ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுவார். கேட்டால், "கிளப்புக்குப் போட்டு வாறன்" எண்டுவார். என்ன கிளப் எண்டு கேட்டால், "சொன்னா உமக்கு விளங்காது."

எனக்கு விளங்காதாம். எனக்கு எல்லாம் விளங்கிப் போச்சு எண்டு நினைச்சுக்கொண்டு அந்தச் சட்டையைத் தோய்க்காமல் அப்பிடியே ஒரு பையில போட்டுக் கட்டி வைச்சன். சாட்சிக்கு.

ஏன் இப்ப இந்தக் கதை

இந்தத் தொடரை வாசிக்கிற ஒரு அன்ரி போன கிழமை டெலிபோன் எடுத்தவ. "இவர், இவர் எண்டு எழுதுறீர், மனிசனுக்கு ஒரு பேர் இல்லையே?" எண்டு கேட்டா. இருக்கு. வாயால சொல்லிப் பழக்கமில்லை. கட்டின நாள் தொட்டு "இஞ்சாருங்கோ" தான். ஆஸ்பத்திரியில பேர் கேட்டாலும் காகிதத்தில எழுதித்தான் குடுத்தனான். அதை விடுவம்.

இப்ப ஏன் இந்தக் கதை எண்டால், போன மாசம் ஒருத்தர் வீட்டு மணியை அடிச்சவர். பேர் பிரபு. தமிழ்நாட்டுக்காரர், நாப்பத்தைஞ்சு வயசு இருக்கும், ஐ.டி. வேலை. பரமட்டாவில ஒரு மண்டபத்தில, ஆக்கள் அந்தக் காலத்தில வீட்டில இருந்து கையால செய்த கொம்பியூட்டர்களை எல்லாம் சேர்த்துக் காட்சிக்கு வைக்கப் போகினமாம். எங்கட வீட்டில ஒண்டு கிடக்கெண்டு ஆரோ சொல்லியிருக்கினம்.

"ஆர் சொன்னது?" எண்டு கேட்டன்.

"கிளப்போட பழைய மெம்பர் லிஸ்ட்ல அங்கிள் பேர் இருந்துச்சு ஆன்ட்டி."

லிஸ்டில பேர் இருந்தால் விலாசம் எப்பிடி வந்தது? வாசல் வலைக்கதவைத் திறக்காமலே நிண்டு லைசென்ஸைக் காட்டச் சொன்னன். காட்டினார். காரின்ர நம்பரை எழுதி எடுத்தன். பேந்து கிரான்பர்னில இருக்கிற என்ர மகள் சுபாவுக்கு அடிச்சன். "அம்மா, ஜஸ்ட் கிவ் இட் டு ஹிம். இட்ஸ் ஜங்க்" எண்டாள். குப்பையாம். குப்பைக்கு ஒருத்தன் பெற்றோல் செலவழிச்சு வருவானே? இன்ரர்நெற்றில விக்கத்தான் கேக்கிறான் எண்டு எனக்குப் பட்டுது.

மெசினைக் குடுக்கிறதில எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அதோட இருக்கிற பிஸ்கற் ரின்தான் பிரச்சினை. அதுக்குள்ள கிடக்கிற ஒரு கசெட்டில என்ர பெரியக்காவின்ர குரல் இருந்தது. அவ உயிரோட இருக்கேக்க கடைசியாப் பேசி அனுப்பினது. இவர் அதுக்கு மேல தன்ர கொம்பியூட்டர் சத்தத்தைப் பதிஞ்சு அழிச்சுப்போட்டார். இதுதான் நாப்பது வருசமா எனக்கும் அவருக்கும் இடையில நடந்த வழக்கு. ரெண்டு வருசத்துக்கு முதல் அவர் கண்ணை மூடிட்டார். வழக்கு முடியேல்லை.

பெரியக்கா

பெரியக்கா யாழ்ப்பாணத்தில ரீச்சர். கலியாணம் கட்டேல்லை. அம்மா செத்தாப் பிறகு என்னை வளர்த்ததும் அவ, சந்தேகப்படப் பழக்கினதும் அவ. மீன் வாங்கினால் செவுளை மூண்டு தரம் தூக்கிப் பாப்பா. தபால்காரன் சிரிச்சால் ஏன் சிரிச்சவன் எண்டு பின்னேரம் மட்டும் யோசிப்பா.

அந்தக் காலத்தில கடிதத்தை விட கசெட்தான் எங்கட ஆக்களுக்குச் சுகம். ரேப் ரெக்கோடருக்கு முன்னால இருந்து வீட்டுப் புதினம் முழுக்கப் பேசிப் பதிஞ்சு, இஞ்சால வாற ஆரிட்டையும் குடுத்து விடுவினம். கொண்டு வாறவைக்கு வழியில ஆரும் மறிச்சுக் கேப்பினமோ எண்ட பயம். அதால பெரியக்கா கசெட்டுக்கு மேல நீலப் பேனையால "பக்திப் பாடல்கள்" எண்டு எழுதிவிடுவா. அவவின்ர கசெட்டில பக்தியும் இல்லை, பாடலும் இல்லை. பேச்சுத்தான். ஏச்செண்டும் சொல்லலாம்.

நான் சட்டை மணந்த காலத்துக்குக் கொஞ்சம் முதல் வந்த கசெட்டில அவ சொன்னது இப்பவும் காதுக்குள்ள நிக்குது. "உன்ர மனிசன் சனிக்கிழமை சனிக்கிழமை எங்கையோ போறார் எண்டு சொன்னாய். எங்க போறார் எண்டு பாத்தனியே? பாக்காமல் என்னத்துக்கு எனக்குச் சொல்லுறாய்?"

பெரியக்கா சொன்னால் சொன்னதுதான். அடுத்த சனி இவர் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட, அஞ்சு நிமிசம் பொறுத்து, சுபாவைத் தள்ளுவண்டியில போட்டுக்கொண்டு நானும் பின்னால வெளிக்கிட்டன்.

மண்டபத்துக்குள்ள

தள்ளுவண்டியின்ர ஒரு சில்லு கீச்சுக் கீச்செண்டு கத்தும். இவர் திரும்பினால் துலைஞ்சன் எண்டு, ஒவ்வொரு மதிலோடையும் நிண்டு நிண்டு போனன். இவர் திரும்பவேயில்லை. இருபது நிமிசம் நடந்து, தண்டவாளத்துக்கு அங்கால இருந்த ஒரு சாரணர் மண்டபத்துக்குள்ள போனார்.

யன்னலால எட்டிப் பாத்தன். றோசா இல்லை. ஒரு பொம்பிளையும் இல்லை. பத்துப் பன்ரெண்டு ஆம்பிளையள், முக்கால்வாசிப் பேர் தாடி, அரைக் காற்சட்டை, காலில முழங்கால் மட்டும் இழுத்த மேசு. நீட்டு மேசையில ஒரு பச்சைப் பலகை, அதில இருந்து போற வயர்கள், மூடி கழட்டின ஒரு கறுப்பு வெள்ளை ரீவி. எல்லாரும் அந்த ரீவியைப் பாத்துக்கொண்டு நிக்கினம். ரீவியில படமில்லை. பூச்சி ஓடுது.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேணும். வரேல்லை. பன்ரெண்டு ஆம்பிளையள் பெஞ்சாதிமாருக்குச் சொல்லாமல் பூச்சி பாக்க வருவினமே? உள்ளுக்குப் போனன்.

சிவப்புத் தாடிக்காரர் ஒருத்தர்தான் முதல் கண்டவர். கெவின் எண்டு பேர், ரெயில்வேயில வேலை, கிளப்புக்கு அவர்தான் தலைவர். என்னைக் கண்டதும் சந்தோசமாச் சிரிச்சு, தேத்தண்ணி போடுற அறை எந்தப் பக்கம் எண்டு கையைக் காட்டினார். இவர் என்னைக் கண்டு அப்பிடியே விறைச்சுப் போனார்.

"நீர் எப்பிடி இஞ்ச?"

"பிள்ளைக்குக் காத்து வாங்க வந்தனான்."

அதுக்கிடையில என்ர கண் பலகையில விழுந்திட்டுது. கை தானாகக் கண்ணாடியைத் தேடுது. நல்லா ஒட்டின ஈயம் மினுங்கும், சாமானின்ர காலைச் சுத்திச் சரிவா இறங்கி நிக்கும். கெட்ட ஒட்டு மங்கலாக் குமிஞ்சு கிடக்கும். பாத்தால் பிடிச்ச மாதிரித்தான் இருக்கும், உள்ளுக்குப் பிடிச்சிருக்காது. அந்தப் பலகையில இடது பக்க மூலையில அப்பிடி ஒண்டு இருந்தது. கெவினிட்ட இருந்த சூட்டுக்கோலை வாங்கி, ஒருக்கா சுட்டு, எப்பன் ஈயம் விட்டு எடுத்தன். ரீவியில ஓடின பூச்சியெல்லாம் நிண்டுது. மேல் மூலையில ஒரு சின்ன வெள்ளைச் சதுரம் மட்டும் மினுங்கி மினுங்கி அணைஞ்சுது.

பன்ரெண்டு பேரும் கத்தின கத்தில சுபா அழத் தொடங்கிட்டாள். மூண்டு மாசமா அந்தச் சதுரத்துக்காகத்தான் காத்துக்கொண்டு இருந்தவையாம்.

வீட்டை வரேக்க தள்ளுவண்டியை இவர்தான் தள்ளினவர். "இதுதான் கொம்பியூட்டர்" எண்டார். "கந்தோரில இருக்கிறது ஒரு அறை அளவு. இது எங்களுக்கெண்டு சொந்தமா ஒண்டு."

"இதால என்ன செய்யலாம்?"

"தெரியாது" எண்டார். அண்டைக்குத்தான் முதன்முதலா அவரில எனக்கு ஒரு சொட்டு நம்பிக்கை வந்தது.

சனிக்கிழமைக் கூட்டம்

அதுக்குப் பிறகு நானும் போகத் தொடங்கினன். இண்டைக்கு எல்லாரும் கைக்குள்ள கொம்பியூட்டரை வைச்சுக்கொண்டு திரியினம். என்ர போன் நான் கதைக்கிறதை ஒட்டுக் கேக்குது எண்டுதான் என்ர எண்ணம். போன கிழமை சுபாவோட முழங்கால் நோ எண்டு கதைச்சன், பின்னேரமே முழங்கால் எண்ணெய் விளம்பரம் வந்திட்டுது. அந்தக் காலத்து மெசின் அப்பிடிக் கள்ளவேலை செய்யேல்லை. அதுக்குள்ள என்ன கிடக்கெண்டு எங்களுக்குத் தெரியும், ஏனெண்டால் ஒவ்வொரு காலையும் நாங்கள்தான் ஒட்டினது.

சஞ்சிகையில மெசின் செய்யிற படம் வரும். சாமான்கள் பெட்டியில தபாலில வரும். படத்தை நம்பிச் செய்தால் வேலை செய்யாது. அடுத்த மாசச் சஞ்சிகையில, ஒரு மூலையில, போன மாசப் படத்தில பிழை இருக்கு, மன்னிக்கவும் எண்டு நாலு வரி கிடக்கும். மற்றவை அந்த நாலு வரிக்காகக் காத்திருப்பினம். நான் கோட்டுக்குக் கோடு விரல் வைச்சுப் பாத்து முதலே பிடிச்சிடுவன். "அஸ்க் மனோ" எண்டு சொல்லுற அளவுக்கு வந்திட்டுது. என்ர முழுப்பேர் மனோன்மணி. அது அவையின்ர வாய்க்குள்ள போகாது.

வீட்டு மெசினையும் அப்பிடித்தான் செய்தம். சாமான் வாங்கினது இவர். ஈயம் வைச்சது முழுக்க நான். இவர் அதில சந்திரனில இறங்குற விளையாட்டு எழுதினார். நான் இராகு காலம் எழுதினன்.

சிரிக்காதேங்கோ. குசினியில தொங்கின கலண்டர் ஊரில அச்சடிச்சது. அதில போட்ட இராகு காலம் அந்தச் சூரியனுக்குச் சரி. சிட்னியில கோடையில ஒரு நேரம் விடியுது, குளிருக்கு இன்னொரு நேரம் விடியுது, இடையில மணிக்கூட்டையும் தள்ளி வைக்கினம். எந்த இராகு எந்த நேரத்துக்கு வருவார்? பேப்பரில போடுற சூரியன் எழும்புற நேரத்தையும் படுற நேரத்தையும் அடிச்சுக் குடுத்தால், பகலை எட்டாப் பிரிச்சு, இண்டைக்கு எத்தினையிலிருந்து எத்தினை எண்டு மெசின் சொல்லும். ரெண்டு மாசம் மினக்கெட்டு எழுதினன்.

எழுதினதை வைச்சிருக்கிறதுதான் கஷ்டம். மெசினை நிப்பாட்டினால் எல்லாத்தையும் மறந்திடும். அதால சாதாரணப் பாட்டுக் கசெட்டில, ரேப் ரெக்கோடரைக் கொழுவி, சத்தமாப் பதிஞ்சு வைப்பம். போட்டுக் கேட்டால் கீ... எண்டு நாலைஞ்சு நிமிசம் காதைக் கிழிக்கும். எல்லா மெசினின்ர கீயும் ஒண்டுதான், எது எதெண்டு ஆருக்குத் தெரியும்? அதுக்குக் கெவின் ஒரு சட்டம் வைச்சவர். பதிய முதல் வாயால பேரைச் சொல்ல வேணும். என்ன புரோகிராம், எத்தினையாம் தரம், ஆர் எழுதினது. சொல்லிப்போட்டுத்தான் மெசினின்ர சத்தத்தைப் பதிய விட வேணும். கிளப்பில எல்லாரும் அப்பிடித்தான் செய்தது.

கசெட்டுக்குப் பஞ்சமில்லை. எங்கட தமிழ்ச் சங்கத்தில ஒரு அங்கிள் பக்திப் பாட்டுகளைக் கொப்பி அடிச்சு, நீலப் பேனையால "பக்திப் பாடல்கள்" எண்டு எழுதி வீட்டு வீடாக் குடுத்துக்கொண்டிருந்தவர். மறுக்க ஏலாது. ஒரே பாட்டு அஞ்சு கசெட் கிடந்தது. அதுகளுக்கு மேலதான் நாங்கள் பதியிறது.

பெரியக்காவின்ர கசெட்டும் அதே கொம்பனி, அதே நீலப் பேனை, அதே ரெண்டு சொல். அதை நான் அலுமாரி லாச்சியில தனிய வைச்சிருந்தனான். இவருக்கு அது தெரியும்.

கெவினோட கோவம்

ஒரு சனி என்ர இராகு காலத்தைக் கிளப்பில ஓட்டிக் காட்ட எண்டு கொண்டு போனன். கசெட்டைப் போட்டால் பிள்ளையார் பாட்டுப் பாடுது. பன்ரெண்டு பேருக்கு முன்னால. கைதட்டிச் சிரிச்சினம்.

நான் பதிஞ்சது பதிஞ்சதுதான், எனக்குத் தெரியும். அப்ப ஆரோ மாத்திப்போட்டினம். ஆர்? அதுக்கு முதல் சனி "அதை எப்பிடிக் கணிக்கிறீர்" எண்டு ரெண்டு தரம் துருவிக் கேட்டது கெவின். போதாதே? அந்த மனிசனோட ஒரு வருசம் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. பாவம், எனக்குப் பிடிச்ச பிஸ்கற்றைத் தேடி வாங்கிக்கொண்டு வந்து மேசையில வைப்பார். அதையும் நான் குற்றம் செய்தவன்ர வேலை எண்டுதான் எடுத்தனான்.

இவர் என்ர கொப்பியைப் பாத்து அந்தப் புரோகிராமை முழுக்கத் திரும்ப அடிச்சுத் தந்தார், அவ்வளவுதான்.

லாச்சி

அந்தப் பிள்ளையார் பாட்டுக்குச் சில கிழமைக்குப் பிறகு ஊரில இருந்து கடிதம் வந்தது. பெரியக்கா காய்ச்சலெண்டு படுத்தவவாம். சண்டையால பாதை திறக்கேல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஏலேல்லை. கடிதம் என்ர கைக்கு வரேக்க அவ செத்து முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிஞ்சிட்டுது.

அழேல்லை. நேர லாச்சிக்குப் போனன். கசெட்டை எடுத்துப் போட்டு, முழுக்கச் சுத்தவிடப் பொறுமையில்லாமல் கொஞ்சம் பின்னுக்குச் சுத்தி, பாடுற பொத்தானை அமத்தினன்.

கீ... எண்டு கத்திச்சுது.

கசெட்டை வெளியில எடுத்துப் பாத்தன். கசெட்டின்ர முதுகில ரெண்டு மூலையிலயும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைச்சுவிட்டால் பேந்து ஒருத்தரும் அதுக்கு மேல பதிய ஏலாது. ரெண்டும் உடைச்சுக் கிடந்தது. தன்ர விளையாட்டு அழியாமல் இருக்க உடைச்சிருக்கிறார். என்ர அக்காவை அழிச்சுப்போட்டுத் தன்ர சந்திரனைக் காப்பாத்தியிருக்கிறார். அப்பிடித்தான் எனக்குப் பட்டுது.

இவர் கந்தோரால வந்து சப்பாத்துக் கழட்ட முதலே முகத்துக்கு நேர நீட்டினன். "நீங்களே இதைச் செய்தது?"

கசெட்டைப் பாத்தார். என்னைப் பாத்தார். கதிரையில கிடந்த கடிதத்தைப் பாத்தார்.

"ஓம். நான்தான். பாக்காமல் பதிஞ்சுபோட்டன். என்னை மன்னியும்."

மன்னிக்கேல்லை. உடன மறுமொழி சொல்லாமல் நிண்ட அந்தக் கொஞ்ச நேரத்தையும் சேர்த்துத்தான் அவருக்கெதிரா வைச்சிருந்தனான். உண்மை சொல்லுறவனுக்கு யோசிக்க என்ன கிடக்கு?

அதை எறிய எண்டு குப்பைவாளிக்குள்ள போட்டன். விடியப் பாத்தால் அது ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்ள, மூடியில இவற்ற எழுத்தில "எறியாதேயும்" எண்டு கிடக்கு. பேந்து ரெண்டு மூண்டு தரம், "இஞ்சரும், அந்தக் கசெட்டை ஒருக்கா..." எண்டு தொடங்கினவர். அந்தச் சொல்லைக் கேட்டாலே எழும்பிப் போயிடுவன். அதுக்குப் பிறகு நிப்பாட்டிட்டார். சேர்ந்து சமைச்சம், பிள்ளை வளர்த்தம், வீடு வாங்கினம், சிரிச்சம் கூட. ஆனா எனக்குள்ள ஒரு ஒட்டு மங்கலாத்தான் கிடந்தது.

குசினி மேசையில

"டேப்பை நான் எடுத்துட்டுப் போய் காப்பி பண்ணிட்டுத் திருப்பித் தர்றேன் ஆன்ட்டி" எண்டார் பிரபு.

"வேண்டாம். இஞ்சையே செய்யுங்கோ. எனக்கு முன்னால."

கோவிக்கேல்லை. அடுத்த சனி லாப்டொப்பும் ஒரு பழைய ரேப் ரெக்கோடரும் கொண்டு வந்து என்ர குசினி மேசையில வைச்சார். நான் நேர் முன்னுக்குக் கதிரையைப் போட்டு இருந்தன். சாமான் ஏதும் கைமாறுதோ எண்டு பாக்கத்தான்.

ரின்னைத் திறந்து கசெட்டை எடுத்து, முதுகைத் தடவிப் பாத்தார். "அங்கிள் ரெக்கார்ட் பண்ண முடியாம ஒடச்சு வெச்சிருக்கார். நல்லவேளை."

"ஓம், தன்ர விளையாட்டுக்கு" எண்டன்.

முழுக்கப் பின்னுக்குச் சுத்தினார். தொடக்கத்தில இருந்து. நாப்பது வருசத்தில முதல் தரம். அமத்தினார்.

ஒரு இருமல். பேந்து ஒரு பொம்பிளைக் குரல், இளம் குரல், அவசரப்படுற குரல். பின்னால ஒரு பிள்ளை அழுற சத்தம்.

"இராகு காலம். சிட்னிக்கு. ரெண்டாம் தரம். எழுதினது மனோ. சுபா, கொஞ்சம் பொறம்மா, அம்மா வாறன்."

கீ...

பிரபு சிரிச்சுக்கொண்டு திரும்பினவர், என்ர முகத்தைக் கண்டிட்டு நிப்பாட்டிட்டார். "ஆன்ட்டி? இது நீங்களா?"

நான்தான். பிள்ளை அழ, அவசரத்தில, கேட்டுப்போட்டு மேசையில விட்ட கசெட்டைப் பாட்டுக் கசெட் எண்டு எடுத்து, பேரும் சொல்லிக் கையெழுத்தும் வைச்ச மாதிரி அக்காவுக்கு மேல பதிஞ்சது நான். பேந்து ரெண்டையும் மாறி, அதை லாச்சிக்குள்ள வைச்சுப்போட்டுப் பாட்டுக் கசெட்டைத்தான் கிளப்புக்குக் கொண்டு போயிருக்கிறன், அதுதான் பிள்ளையார் பாடினவர். கெவின் ஒண்டையும் மாத்தேல்லை. இவரும் ஒண்டையும் அழிக்கேல்லை. என்ர புரோகிராமைக் காணேல்லை எண்டு வீடு முழுக்கத் தேடியிருப்பார், லாச்சிக் கசெட்டைப் போட்டுப் பாத்திருப்பார், இந்தக் குரலைக் கேட்டிருப்பார். எனக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கேக்க கடிதம் வந்திட்டுது. அக்கா செத்த சேதியோட நிக்கிறவளுக்கு, நீர்தான் அழிச்சனீர் எண்டு ஆர் சொல்லுவான்?

ஆயிரமாயிரம் பலகையை நுனியில இருந்து நுனி மட்டும் பாத்தவள் நான். ஒரு கசெட்டை முதல்ல இருந்து கேக்கேல்லை.

"நிப்பாட்டுங்கோ" எண்டன்.

"இருங்க ஆன்ட்டி. இது அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும். டேப்புல இன்னும் நெறைய இருக்கு."

கீ நிண்டுது. டக் எண்டு ஒரு சத்தம். பேந்து, நடுவில வெட்டின மாதிரி, பெரியக்கா.

"...எண்டு நான் சொன்னால் நீ கேக்கவே போறாய்? சரி அதை விடு. என்ர மூக்குக் கண்ணாடி உடைஞ்சு போச்சு, ஆரும் வந்தால் ஒண்டு குடுத்துவிடு. பிள்ளைக்கு எண்ணெய் வைச்சு முழுகவாக்கிறனியே? இஞ்ச பகல் முழுக்கச் சத்தம், அதைப் பற்றிக் கதைக்கேல்லை. மற்றது, உன்ர மனிசன். நான் முந்தி ஒருக்கா அவரைப் பற்றிப் பிழையாக் கதைச்சனான். பெட்டியை வைச்சுக்கொண்டு பிள்ளை மாதிரி விளையாடுற மனிசன், அவரிலபோய்ச் சந்தேகப்பட்டனான். பெரியக்கா மன்னிப்புக் கேட்டவ எண்டு அவருக்குச் சொல்லு. நீ சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும். நீ என்னைப் போல."

இன்னும் பேசினா. மா விலை, ஆரோ ஒருத்தரின்ர கலியாணம், ஒரு பூனை. பதினொரு நிமிசம். நான் எல்லாத்தையும் முந்தியே கேட்டிருக்க வேணும், கசெட் வந்த அண்டைக்கே. ஒரு சொல்லும் ஞாபகமில்லை. எங்க போறார் எண்டு பார் எண்டு அக்கா சொன்னது மட்டும் நாப்பது வருசம் மறக்கேல்லை.

நான் இவருக்குச் சொல்லேல்லை. அக்கா சொன்ன மாதிரியே சொல்லேல்லை. ஆனா அவர் கேட்டிருக்கிறார். கேட்டிட்டுத்தான் அந்த ரெண்டு துண்டையும் உடைச்சிருக்கிறார். பெரியக்கா அவரிட்ட மன்னிப்புக் கேட்டிட்டா. நான் கேப்பன் எண்டு எத்தினை வருசம் பாத்துக்கொண்டு இருந்திருப்பாரோ தெரியாது.

பிரபு எழும்பித் தேத்தண்ணி போட்டார். என்ர குசினியில, என்ர கேத்திலில, சீனி எங்க கிடக்கெண்டு தானே தேடி எடுத்து. நான் எழும்பித் தடுக்கேல்லை.

கடைசியாக் கேட்டார். "மெஷின் பக்கத்துல ஒரு கார்டு வைப்போம் ஆன்ட்டி. டேப்புக்கும் ஒண்ணு. என்ன எழுதட்டும்?"

"மெசினுக்கு, ஈயம் வைச்சது மனோன்மணி எண்டு போடுங்கோ. அது உண்மை. கசெட்டுக்கு, அழிச்சது மனோன்மணி எண்டு போடுங்கோ. அதுவும் உண்மை. மிச்சத்தை அழியாமல் காத்தது இவர்."

எழுதிக்கொண்டு வந்தவர் பேனையை நிப்பாட்டினார். "அங்கிள் பேரு எப்படி எழுதணும் ஆன்ட்டி? லிஸ்ட்ல இங்கிலீஷ்ல சுருக்கித்தான் இருக்கு."

வழக்கம்போலக் காகிதத்தை வாங்க எண்டு கையை நீட்டினனான். பேந்து கையை இழுத்துப்போட்டு வாயால சொன்னன்.

"கணேசலிங்கம்."